மெசின் சுருதி

என்னிடம் இருந்த புல்லாங்குழல்களுள் ஒன்று எந்தச் சுருதிப் பெட்டியோடும் சேராது. அதை என் மனைவியின் தம்பி மலைநாட்டிலிருந்து கொண்டுவந்தார். அவர் அங்கே ஒரு சிறு நகரத்தில் கடை வைத்திருந்த காலம் அது. தெருவோரத்தில் ஒருவர் மூங்கில் குழல்களைக் கட்டாகக் கட்டி விற்றாராம். அவற்றுள் வடிவானதாகப் பார்த்து எடுத்துவந்தார். வடிவில் குறை சொல்ல முடியாது. நல்ல மஞ்சள் நிறம், ஒரு கீறல் இல்லை, துளைகள் சுத்தமாகச் சுட்டு எடுக்கப்பட்டவை. ஊதினால் மட்டும் இரண்டு கட்டைக்கு மேலேயும் இரண்டரைக் கட்டைக்குக் கீழேயும் எங்கோ ஓரிடத்தில் நின்றது. ஆர்மோனியத்தில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது.

நான் அளவுகளோடு பழகியவன். எழுவைதீவு டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுப்பது என் உத்தியோகம். இருமல் மருந்து அவுன்ஸ் கிளாசின் கோட்டுக்கு ஒரு துளி மேலே போனாலும் திரும்ப ஊற்றி அளப்பேன். மேசையில் போத்தல்கள் உயர வரிசைப்படி நிற்கும். அப்படிப்பட்டவனுக்கு இந்தக் குழல் ஒரு தொந்தரவு. எறியவும் மனமில்லை. இளமையில் கோயில் பஜனைக் கூட்டத்தில் ஊதிப் பழகியவன் என்பதைத் தவிர எனக்குச் சங்கீதத்தில் வேறு தகுதி இல்லை. ஆனால் இருந்த குழல்களை ஒழுங்காகத் துடைத்து, துணிப் பையில் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன்.

ஒரு மாரி முடிந்த கையோடு பையை அவிழ்த்துப் பார்த்தபோது மலைநாட்டுக் குழலில் பூஞ்சணம் பிடித்திருந்தது. டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் இருக்கிறது, துடைத்துக்கொண்டு வரலாம் என்று கொண்டுபோனேன். எங்கள் வீடு கரம்பொன்னில். காலையில் சைக்கிளில் ஊர்காவற்றுறை ஜெட்டிக்குப் போய், அங்கிருந்து லோஞ்ச் என்ற மோட்டார் வள்ளத்தில் எழுவைதீவு. பின்னேரம் அதே லோஞ்சில் திரும்புவேன். அன்று திரும்பும்போது லோஞ்சின் முன்பக்கத்தில், அணியத்தில் இருந்தேன். குழல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு தடவை ஊதினேன். ஊதிய வாயை எடுக்கத் தோன்றவில்லை. லோஞ்சின் மெசின் பல வருடமாக என் காதுக்குள் போட்டுக்கொண்டிருந்த அந்த நீண்ட இரைச்சலின் அடியில் என் குழலின் சட்சம் இருந்தது. கொஞ்சம் மேலே அல்ல, கொஞ்சம் கீழே அல்ல. அவுன்ஸ் கிளாசில் கோட்டுக்கு வந்து நிற்கும் மருந்து போல நின்றது.

எனக்கு எதிரே ஒருவர் தன் சாப்பாட்டுக் கரியரின் மூடியில் விரல்களால் தட்டத் தொடங்கினார். எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த கணக்கு மாஸ்டர். என்னிலும் வயதில் இளையவர். சொந்த ஊர் புங்குடுதீவில் மடத்துவெளி. கிழமை நாட்களில் ஊர்காவற்றுறையில் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். அதுவரை நாங்கள் இருவரும் தலையசைத்ததோடு சரி. தட்டுகிற சத்தத்தைக் கேட்டு நான் நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதேயுங்கோ அண்ணை," என்றார்.

"என்ன தாளம் போடுறீர்?"

"தெரியாது. தாளம் மெசின் போடுது. நான் பின்னாலை போறன்."

மறுநாள் அவர் பையில் ஒரு கஞ்சிராவும் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு உடும்புத்தோல் போட்ட சின்னப் பறை, விளிம்பில் கிலுங்கும் ஒரு சோடி உலோகச் சில்லு. மிருதங்கம் முறையாகப் படித்தவர், லோஞ்சுக்கு அதைத் தூக்கிவர ஏலாது என்று இதைக் கொண்டுவந்தார். கஞ்சிராவுக்குத் தோலில் தண்ணீர் தொட்டு இளக்க வேண்டும். கடலில் அந்த வேலையைக் காற்றே செய்தது.

இப்படித்தான் தொடங்கியது. எங்களுக்குள் எந்தப் பேச்சும் இல்லை, ஒத்திகையும் இல்லை. நான் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் அதைச் சுற்றி விரலால் நடப்பார். பிறகு நான் நகர்வேன். சில நாள் அவர் முன்னே ஓடுவார், நான் துரத்துவேன். என்ன ராகம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மோகனத்தில் தொடங்கி வேறெங்கோ கரையேறிய நாட்கள் பல.

பாட்டு வாசிப்பதில்லை என்ற விதியை நாங்கள் போடவில்லை, தண்டையல் போட்டார். லோஞ்சை ஓட்டுபவரைத் தண்டையல் என்போம். நல்ல கறுத்த, குறுகிய மனிதர். கதைப்பது குறைவு, கதைத்தால் சுருக்கென்று இருக்கும். ஒரு நாள் இளவட்டம் ஒருவர் கல்யாணப் பாட்டு ஒன்று கேட்டார். நான் குழலை எடுத்த உடனே பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஐயா, பாட்டு வேண்டாம். பின்னாலை செத்தவீட்டுச் சனம் இருக்கு. வழமையா ஊதிறதை ஊதுங்கோ."

அவர் சொன்னது சரி. அந்தச் சின்ன லோஞ்சில் ஒரே நேரத்தில் செத்தவீட்டுக்குப் போகிறவர்களும் பெண் பார்த்துவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். ஒரு வாங்குப் பலகையில் சிஸ்டர் ஒருவர் செபமாலை உருட்டுவார், அடுத்த வாங்கில் கந்தசட்டி விரதகாரர். எந்தப் பாட்டை எடுத்தாலும் யாரோ ஒருவருக்கு அது பொருந்தாமல் போகும். சொல் இல்லாமல், யாருக்கும் தெரிந்த மெட்டு இல்லாமல் வாசித்தால் அவரவர் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள்.

அதற்கு ஒரு பெயரும் வந்து சேர்ந்தது. காது மந்தமான கிழவர் ஒருவர் மாஸ்டரிடம் கேட்டார், "தம்பி, உது என்ன பாட்டு?"

"சும்மா, அப்பு."

கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி உரத்துச் சொன்னார்: "சும்மாவாம்."

அன்றிலிருந்து ஜெட்டியில் சனம் கேட்கும் கேள்வி, "இண்டைக்குச் சும்மா இருக்கோ?" என்பதாயிற்று. மீன் விற்கும் பெண்கள், "காலமைச் சும்மாவிலும் பின்னேரச் சும்மா திறம்," என்று தரம் பிரித்தார்கள். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. காற்று, கடல், டிஸ்பென்சரிக்கு வந்த நோய்கள் என்று சுருக்கமாக எழுதுவேன். அதில் இப்போது இன்னொரு வரியும் சேர்ந்தது: சும்மா நன்று. சும்மா சுமார். சோளகக் காற்று, சும்மா இல்லை.

இவ்வளவு காலம் வாசித்ததில் நான் கண்டுகொண்டது, எங்கள் வாசிப்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தது என்பதும் அந்த ஒழுங்கு கடலுடையது என்பதும்தான். ஜெட்டியை விட்டு லோஞ்ச் மெல்ல விலகும்போது மெசின் முனகும்; அந்த நேரம் சுருதி தாழ, பதிவாக இருக்கும், என் குழலுக்கு எட்டாது. ஆகவே கஞ்சிரா மட்டும் மெல்லப் பேசும். கடற்கோட்டை கழிந்ததும் தண்டையல் மெசினைக் கூட்டுவார். சுருதி ஏறி என் குழலுக்கு வந்து உட்காரும். நான் அங்கே சேர்வேன். எழுவைதீவின் பனைகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்போது அவர் குறைப்பார். சுருதி என் குழலை விட்டு இறங்கிப் போகும். நான் குழலைக் கீழே வைப்பேன், மாஸ்டர் தனியே வாசித்து எங்களைக் கரைக்குக் கொண்டுபோவார். லோஞ்ச் ஜெட்டியில் முட்டும் சத்தம்தான் அவருடைய கடைசி அடி. அதற்குச் சரியாக வந்து விழுத்தியபோதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் உற்சாகத்தில் மாஸ்டர் பின்னால் திரும்பிச் சத்தம் போட்டார். "தண்டையல், மெசினை ஒரு சொட்டுக் கூட்டுங்கோவன்!"

"கூட்டலாம். டீசலுக்குக் காசு உம்மடை கஞ்சிராவோ தாறது?"

தண்டையல் கூட்டவில்லை. எந்த நாளும் ஒரே அளவில்தான் வைப்பார், அதுவும் பார்த்து அல்ல, கேட்டு. அந்த வகையில் எங்கள் மூவரிலும் சுருதி சுத்தம் அவருக்கே.

இந்தச் சும்மாவைக் கேட்காத ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார்.

என் மனைவி தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் வள்ளத்தில் ஏறமாட்டாள். பயம் அல்ல, வயிறு. கடல் அசைவதைப் பார்த்தாலே அவளுக்குப் பிரட்டும். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே பஸ் ஓடுவதால் அவள் வாழ்க்கையில் கடல் ஏற வேண்டிய தேவையும் வரவில்லை. வீட்டு வாசலுக்கு வரும் மீன்காரி அவளிடம், "அக்கா, உங்கடையவர் நேற்று ஊதின ஊத்திலை நான் மீன் பெட்டியை மறந்து இறங்கிட்டன்," என்று சொல்லிவிட்டுப் போவாள். கோயிலில் சந்திக்கும் பெண்கள் சொல்வார்கள். எழுவைதீவிலிருந்து சாமான் வாங்க வந்தவர் சொல்வார். இவள் கேட்டுக்கொண்டு இருப்பாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே. "ஊரெல்லாம் கேட்ட சாமானை நான் மட்டும் கேக்கேல்லை."

"நாளைக்கு வாருமன். இஞ்சியும் பெப்பமின்ரும் போட்டு ஒரு மிக்சர் கலந்து தாறன்."

கலந்து கொடுத்தேன், அளவு தவறாமல். ஜெட்டி வரை வந்தாள். லோஞ்ச் ஏறுவதற்குப் போட்டிருந்த பலகையில் ஒரு காலை வைத்தாள். பலகை மேலும் கீழும் அசைந்தது. காலை எடுத்துவிட்டாள். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது, "உங்கடை மிக்சர் திறம். அது வயித்துக்கை நிக்கேல்லை, அவ்வளவுதான்," என்றாள்.

இதை நாங்கள் பகிடியாகவே வைத்திருந்தோம், மாசி மாதம் மாஸ்டருக்கு இடமாற்றம் வரும்வரை. பல தடவை கேட்டு வாங்கிய மாற்றம். மடத்துவெளிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம், வீட்டிலிருந்து நடந்து போகலாம். தவணை முடிந்ததும் சித்திரையில் போக வேண்டும். எனக்குச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

நான் இதை வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப நான் கேக்காமலே முடியப்போகுது," என்றாள். பிறகு, "அவரை வீட்டை கூட்டிக்கொண்டு வாருங்கோ. கரையிலை வாசிச்சால் என்ன? காத்து வேணும் எண்டால் யன்னலைத் திறந்து விடுறன்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. லோஞ்ச் இல்லாமல் வாசிக்க முடியுமானால், இடமாற்றத்துக்குப் பிறகும் நாங்கள் வாசிக்கலாம். அவளும் கேட்கலாம். இவ்வளவு எளிதான வழியை ஏன் யோசிக்கவில்லை என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிறு மாஸ்டர் வந்தார். மனைவி வடை சுட்டிருந்தாள். விறாந்தையில் எதிரெதிரே இரண்டு கதிரை போட்டு, தனக்கும் ஒன்று போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். மலைநாட்டுக் குழலுக்குச் சுருதி இல்லை என்பதால் நான் நல்ல குழலை எடுத்தேன். பக்கத்து வீட்டுச் சுருதிப் பெட்டியையும் வாங்கி வைத்திருந்தேன்.

"நீர் தொடங்கும்," என்றேன்.

"இல்லை அண்ணை, நீங்கள் தொடங்குங்கோ."

"வழமையா நீர்தானே முதல்."

"அது லோஞ்சிலை. இஞ்சை நீங்கள் வீட்டுக்காரர்."

ஒருவழியாக நான் தொடங்கினேன். அவர் சேர்ந்துகொண்டார். கணக்கு மாஸ்டர் அல்லவா, கரையில் அவர் விரல்கள் எண்ணத் தொடங்கிவிட்டன. எட்டுக்கு எட்டு, சரியாக வந்து விழுந்தது. நானும் ராகத்தை விட்டு ஒரு சுரம் வெளியே போகவில்லை. அவர் எனக்காக நின்றார், நான் அவருக்காக நின்றேன். பிழை ஒன்றும் இல்லை. பிழை ஒன்றும் இல்லாமல் முடிந்தது.

மனைவி நாகரிகமாக, "நல்லாய் இருந்தது. வடை எடுங்கோ மாஸ்டர்," என்றாள். அவர் போன பின் குசினியில் பாத்திரம் கழுவியபடி சொன்னாள்:

"கோவிக்காதேயுங்கோ. பள்ளிக்கூடத்திலை இன்ஸ்பெக்டருக்கு முன்னாலை பாடம் ஒப்புவிக்கிற மாதிரி இருந்தது. மீன்காரி உதுக்கோ பெட்டியை மறந்தவள்?"

நாட்குறிப்பில் எழுதினேன்: சும்மா இல்லை.

அடுத்த ஞாயிறு மலைநாட்டுக் குழலோடு, சுருதிப் பெட்டி இல்லாமல் முயன்றோம். இன்னும் மோசம். குழல் நிற்க இடமில்லாமல் அலைந்தது. மாஸ்டர் கஞ்சிராவை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணை, எங்களுக்கு உண்மையிலை வாசிக்கத் தெரியுமோ?"

அதற்குப் பதில் எழுவைதீவு ஜெட்டியில் கிடைத்தது. ஒரு பின்னேரம் லோஞ்சின் மெசின் தொடங்கவில்லை. தண்டையல் அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். சனம் முணுமுணுத்தது. யாரோ, "சும்மா இருக்கிற நேரத்திலை சும்மாவை வாசியுங்கோவன்," என்றார். நாங்கள் கருவிகளைக் கையில் எடுத்தோம். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதே அணியம், அதே கடல், அதே சனம். ஆனால் விறாந்தையில் இருந்ததுபோலவே இருந்தது. அப்போது மெசின் இருமியது, பிடித்தது. மாஸ்டரின் விரல் அவரைக் கேட்காமலே தோலில் விழுந்தது.

தண்டையல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஐயாமாரே, ஒண்டு கேக்கிறன். வாசிக்கிறது நீங்களோ, என்ரை மெசினோ?"

சனம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குச் சைக்கிளில் போகும் வழி முழுவதும் நான் அதையே யோசித்துக்கொண்டு போனேன். லோஞ்சில் எங்களில் யாரும் தொடங்குவதில்லை. மெசின் தொடங்குகிறது. நாங்கள் நடுவில் போய் ஏறுகிறோம். யாரும் முடிப்பதும் இல்லை. கரையில் நாங்கள் இருவரும் மரியாதைக்காரர்கள். ஒருவரை ஒருவர் முன்னே போகச் சொல்லிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டோம்.

இதை மனைவிக்கு விளக்கினேன். "பிழை எங்களிலை இல்லை. மெசின் இல்லாததுதான் பிழை."

"மெசின்தானே வேணும்?" என்றாள்.

மாஸ்டர் அடுத்து வந்தபோது அவள் தன் தையல் மெசினை விறாந்தைக்கு இழுத்துவைத்து, மூடியைக் கழற்றி, எண்ணெயும் விட்டு ஆயத்தமாக இருந்தாள். மாஸ்டர் அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிக்காதேயுங்கோ மாஸ்டர். நான் மிதிக்கிறன், நீங்கள் வாசியுங்கோ."

மிதித்தாள். கடகடவென்று ஓடியது. தாளத்துக்குக் குறைவில்லை, ஆனால் சுருதி என்று பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. இருந்தும் மாஸ்டர் விடவில்லை, அதன் பின்னால் கஞ்சிராவை ஓட விட்டார். அவர் வேகம் கூட்ட இவள் மிதியைக் கூட்ட, கடைசியில் நூல் அறுந்து சில்லில் சுற்றிக்கொண்டது. எங்கள் மூவருக்கும் சிரித்து வயிறு நொந்தது. அவள் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"உறுமிற மெசின் எண்டால் தம்பியின்ரை தோட்டத்திலை ஒண்டு கிடக்கு."

அவள் தம்பி மலைநாட்டுக் கடையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு காணி தள்ளித் தோட்டம் செய்துகொண்டிருந்தார். வெங்காயத்துக்கு நல்ல விலை இருந்த காலம். துலா மிதித்து இறைத்த கிணற்றுக்குப் புதிதாக ஓர் இறைப்பு மெசின் வாங்கி வைத்திருந்தார். பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுகிற மெசின். அவர் தோட்டத்தில் இறைக்கும் சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்கும். நான் அதை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அந்த நேரம் பெரும்பாலும் லோஞ்சில் இருப்பேன். அவளோ ஒவ்வோர் இறைப்பிலும் கேட்டவள்.

ஒரு சனிக்கிழமை காலை, இறைப்பு நாள் பார்த்து நாங்கள் மூவரும் தோட்டத்துக்குப் போனோம். மைத்துனர் மண்வெட்டியோடு நின்றார்.

"அத்தான், அக்கா சொன்னவ. நான் நம்பேல்லை. மெசினுக்குப் பக்கத்திலை இருந்து குழல் ஊதப்போறியளோ?"

"ஊதிப் பாப்பம் தம்பி. மெசினைத் தொடங்கும்."

கயிற்றைச் சுற்றி இழுத்தார். மெசின் தும்மிப் பிடித்தது. குழாயில் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்து வாய்க்காலில் இறங்கியது. நான் மலைநாட்டுக் குழலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். மெசின் கொஞ்சம் மேலே நின்றது.

"மெசினைக் கொஞ்சம் குறையும் தம்பி," என்றேன்.

எண்ணெய் கூட்டிக் குறைக்கும் பிடியை அவர் அசைத்தார். "இவ்வளவு காணுமோ?"

"இன்னும் ஒரு சொட்டு... கூடக் குறைஞ்சிட்டுது, கூட்டும்... மெல்ல, மெல்ல..."

"அத்தான், இது மெசினோ வீணையோ? நான் இறைக்கிறதோ, சுருதி சேர்க்கிறதோ?"

"காணும்! அதிலை விடும். தொடாதேயும்!"

வந்துவிட்டது. நான் கையை உயர்த்தியபடியே நின்றேன், இறக்கினால் சுருதி ஓடிவிடும் என்பது போல. மாஸ்டர் தொட்டியில் விரலை நனைத்துக் கஞ்சிராவில் தடவிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தொடங்கச் சொல்லவில்லை, அவரும் என்னைச் சொல்லவில்லை. கிணற்றுக்கட்டில் ஆளுக்கொரு பக்கம் இருந்தோம். எப்போது வாசிக்கத் தொடங்கினோம் என்று எனக்குத் தெரியாது.

கதிரை இல்லாததால் மனைவிக்கு உட்கார இடமில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நின்றாள். முதலில் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள் என்று நினைக்கிறேன். பிறகு பார்க்கவில்லை. மைத்துனர் ஒரு பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மண்வெட்டியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். பாத்தி நிரம்பி வரம்பைத் தாண்டியது.

"டேய், தண்ணி பாயுதடா!" என்று மனைவி சத்தம் போட்டாள்.

அவர் அசையவில்லை. அவள் போய் மண்வெட்டியைப் பறித்து, வரம்பை வெட்டி, தண்ணீரை அடுத்த பாத்திக்கு மாற்றினாள். தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள், கை மறக்கவில்லை. ஒரு பாத்தி நிரம்ப மண்ணை அணைத்து அடுத்ததை வெட்டுவாள். முதுகு எங்கள் பக்கம். லோஞ்சில் சனம் இப்படித்தான் கேட்கும்: ஒருவர் பிள்ளைக்குப் பால் கொடுப்பார், ஒருவர் கடலைப் பார்ப்பார், ஒருவர் தூங்குவார். மாஸ்டர் அவள் மண்வெட்டி விழுவதைக் கண்டுகொண்டார். அது விழும் இடத்துக்குத் தன் அடியைக் கொண்டுபோய் வைத்தார். அவள் அதைக் கவனித்தாள் என்பது அவள் முதுகில் தெரிந்தது. அடுத்த வெட்டைக் கொஞ்சம் பிந்திப் போட்டாள். மாஸ்டர் ஏமாந்தார். அவள் தோள் குலுங்கியது, சிரிப்பில்.

நான் குழலில் என்ன வாசித்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது. அந்தக் குழலில் அதுவரை நான் தொடாத ஒரு சுரம் இருந்தது, ஒரு துளையைப் பாதி மூடினால் வருவது. அது அன்று தானாக வந்தது. மெசின் அதை ஏற்றுக்கொண்டது. நான் அதிலேயே நெடுநேரம் நின்றேன்.

பிறகு மெசின் ஒரு தடவை விக்கியது. சுருதி மெல்ல இறங்கத் தொடங்கியது. மண்ணெண்ணெய் முடிகிறது என்று எனக்கோ மாஸ்டருக்கோ தோன்றவே இல்லை. எங்கள் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தண்டையல் குறைக்கிறார், பனை தெரிகிறது. நான் குழலை மடியில் வைத்தேன். மாஸ்டர் தனியே வாசித்தார், ஜெட்டியை நோக்கி, மெசின் தளரத் தளர விரல்களைத் தளர்த்தி. மெசின் இரண்டு தடவை இருமி நின்றது. அதோடு சரியாக அவர் கடைசி அடி விழுந்தது. குழாயில் மிச்சத் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

மனைவி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து திரும்பினாள். கணுக்கால் வரை சேறு. முகத்தில் வியர்வை.

"என்ன, கரை வந்திட்டுதோ?" என்றாள்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவளுக்கு அந்த இறங்கும் வாசிப்பைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஓம் அக்கா," என்றார் மாஸ்டர். "பலகை போட்டாச்சு. பாத்து இறங்குங்கோ."

"வயித்தைப் பிரட்டேல்லையோ?" என்று கேட்டேன்.

"எனக்கில்லை," என்றாள். "தம்பியைப் பாருங்கோ."

மைத்துனர் வெள்ளம் நிற்கும் தன் முதல் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அத்தான், இனி வாசிக்கிறதெண்டால் முதலிலை சொல்லுங்கோ. நான் வெங்காயத்தை விட்டிட்டு வாழை நடுறன்."

சித்திரையில் மாஸ்டர் மடத்துவெளிக்குப் போனார். அங்கிருந்து பஸ் எடுத்தால் எங்கள் சந்தியில் இறங்கலாம். மைத்துனர் இறைப்பு நாளைத் தன் வசதிக்குச் சனிக்கிழமையாக மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். யாருடைய வசதி என்பது எங்களுக்குத் தெரியும். மாரியில் வயல் நிறையத் தண்ணீர் நிற்கும்போது இறைப்பு இல்லை, ஆகவே சும்மாவும் இல்லை. அந்த மாதங்களில் அவள் வானத்தைப் பார்த்து, "இந்த மழை இன்னும் விடேல்லையே," என்று சொல்வதைக் கேட்டு அயலார் அவளுக்குத் தோட்டத்தில் பெரிய பங்கு இருக்கிறது என்று நினைத்தார்கள்.

லோஞ்சில் நான் இப்போது தனியாகவே போகிறேன். சில நாள் ஊதுவேன். தண்டையல் பின்னாலிருந்து கேட்பார், "எங்கை ஐயா உங்கடை கணக்கு மாஸ்டர்?" ஒரு நாள் நான் சனிக்கிழமைக் கதையைச் சொன்னேன். அவர் தன் மெசினை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மண்ணெண்ணெய் மெசினோ," என்றார். அவர் முகம் சரியாக இல்லை. "அதிலை அடிச்சுருதி நிக்காதே."

நிற்கும் என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த முதல் சனிக்கிழமை இரவு நாட்குறிப்பைத் திறந்து வழமைபோல எழுதினேன். காற்று இல்லை. கிணற்றில் தண்ணீர் போதுமானது. சும்மா நன்று. வெங்காயத்துக்கு நீர் அதிகம்.